முதலில் டாக்டர், பிறகு புத்தகம், கடைசியாகப் பணம்

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் என் போனுக்கு ஓய்வு கிடையாது. "சார், பையன் பைலட் ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். சேர்த்துவிடலாமா?" இப்படி விசாரிப்பவர்களில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு பயிற்சி நிறுவனத்தில் பணம் கட்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள். பெண் பார்ப்பதற்கு முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த கதை.

நான் விமானி இல்லை. விமானப்படையில் வானிலைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே போகிறவர்களுக்கு அங்கே காற்றும் மேகமும் எப்படி இருக்கும் என்று சொல்வதுதான் உத்தியோகம். இப்போது தாம்பரம் பக்கம் ஒரு கிரவுண்ட் ஸ்கூலில் வானிலையும் நேவிகேஷனும் நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்களில் ஏர்பஸ் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லைசென்ஸை பீரோவில் வைத்துவிட்டு அப்பாவின் ஹார்டுவேர் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் இடையே மூளையிலோ ஆசையிலோ பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை. லைசென்ஸ் எந்த வருடத்தில் கைக்கு வந்தது, வேலை கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க வீட்டில் தெம்பு இருந்ததா என்பதில்தான் பெரும்பாலும் பாதை பிரிகிறது.

இந்தத் தொழிலில் 'உனக்கு இது சரிப்படாது' என்ற பதில் பல கட்டங்களில் வரக்கூடும். சில கட்டங்களில் அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளச் சில ஆயிரம் ரூபாய் போதும். சில கட்டங்களில் அரைக் கோடி செலவழித்த பிறகுதான் தெரியவரும். மலிவாகக் கிடைக்கும் பதில்களை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

எல்லாவற்றிலும் மலிவானது உடல் தகுதி. பெருந்துறையிலிருந்து ஒரு மஞ்சள் வியாபாரி கூப்பிட்டிருந்தார். "ஏனுங்க சார், பையன் கண்ணாடி போட்டிருக்கறானுங்க. எடுத்துக்குவாங்களா?" கண்ணாடி ஒரு தடையே இல்லை. கண்ணாடி போட்ட பிறகு பார்வை சரியாக இருந்தால் போதும். மூக்குக்கண்ணாடியோடு விமானம் ஓட்டும் கேப்டன்கள் ஏராளம். நான் அவரிடம் வேறொன்று கேட்டேன்: "பையனோட அம்மாவுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா? அவங்க யாருக்காவது சிவப்பு பச்சை குழப்பம் உண்டா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எதற்கு மச்சானை இழுக்கிறான் இந்த மனுஷன் என்று நினைத்திருப்பார்.

காரணம் இருக்கிறது. சிவப்பு பச்சை நிறக்குருடு பெரும்பாலும் அம்மா வழியாகத்தான் மகனுக்கு வருகிறது. அம்மாவுக்குப் பார்வையில் குறை எதுவும் தெரியாது. தாய்மாமனுக்கு இருக்கும், மருமகனிடமும் வந்து நிற்கும். பையனுக்கே பல வருடம் தெரியாமல் இருக்கலாம். விமானம் இறங்கும்போது ஓடுதளத்தின் ஓரத்தில் வரிசையாக நான்கு விளக்குகள் தெரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான சரிவில் இறங்குகிறோம் என்று பொருள். நான்கும் வெள்ளை என்றால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம். அந்தச் சிவப்பைச் சிவப்பாகப் பார்க்காத கண்ணை நம்பி நூற்றெண்பது பேரை எப்படி உட்கார வைப்பது? இஷிஹாரா அட்டை என்று புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகம் உண்டு. எந்தக் கண் டாக்டரிடமும் இருக்கும், பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. அதற்கு முன் ஒரு ரூபாய்கூட எங்கும் கட்ட வேண்டாம் என்றேன். பையனுக்கு ஒன்றும் இல்லை என்று மறுவாரமே கூப்பிட்டுச் சொன்னார்.

அடுத்தது டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கேட்கும் மருத்துவச் சான்று. இதில் இரண்டு படி. முதலில் கிளாஸ் 2. அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம் எடுக்கலாம். பிறகு கிளாஸ் 1. இதற்கு விமானப்படை மருத்துவ மையங்களும் அங்கீகாரம் பெற்ற சில மருத்துவமனைகளும் இருக்கின்றன. பெங்களூரு ஏரோஸ்பேஸ் மெடிசின் நிலையம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான இடம். இசிஜி, காது கேட்கும் திறன், ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, கண் என்று எல்லாம் பார்ப்பார்கள். சரிசெய்யக்கூடிய குறை என்றால் 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதி, சரிசெய்துகொண்டு வரச் சொல்வார்கள். கிளாஸ் 2 இருந்தாலே பறக்கத் தொடங்கலாம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்க்கை ஆலோசகர்கள் சொல்வதுண்டு. அது பொய்யில்லை. ஆனால் கிளாஸ் 1 இல்லாமல் கமர்ஷியல் லைசென்ஸ் கிடையாது. பாதிப் பணம் செலவான பிறகு இதயத்தில் ஏதோ சிக்கல் என்று தெரியவருவதைவிட, முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுவது நல்லது. இந்தச் சான்று வேலை கிடைத்த பிறகும் வருடாவருடம் தொடர வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஐம்பது வயதில் ஒரு ஸ்டென்ட் வைத்தால் குமாஸ்தாவுக்கு மெடிக்கல் லீவு கிடைக்கும். விமானிக்குச் சம்பளமே கேள்விக்குறியாகிவிடும்.

இரண்டாவது மலிவான சோதனை புத்தகம். கமர்ஷியல் லைசென்ஸுக்கு ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் கேட்கிறார்கள். காமர்ஸ் படித்த பிள்ளைகள் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதித் தகுதி பெறுவது பல வருட வழக்கம். பிறகு டிஜிசிஏ தேர்வுகள்: நேவிகேஷன், வானிலை, விமானச் சட்டம், டெக்னிக்கல் என்று தாள்கள், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்குத் தனித் தேர்வு. இவற்றில் இரண்டு தாளையாவது பறக்கச் சேர்வதற்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள் என்று நான் கெஞ்சுவேன். கட்டணமும் புத்தகமும் சேர்த்தால்கூட ஒரு மாத ஹாஸ்டல் செலவுக்குள் அடங்கும். பாஸ் ஆகாமல் பறந்துகொண்டிருந்தால் பறந்த மணிகளும் பழசாகிக்கொண்டே போகும்.

மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்று வகுப்பில் தெரிந்துவிடும். மே மாதத்துச் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நிலம் காய்ந்து மேலே உள்ள காற்று எழும்ப எழும்ப, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே புகும். விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். அதனால் காலையில் ஒரு திசையில் இயங்கிய மீனம்பாக்கம் ஓடுதளம் மதியத்துக்கு மேல் எதிர்த்திசைக்கு மாறும். அக்னி நட்சத்திர வெயிலில் காற்று விரிந்து அடர்த்தி குறைந்துவிடும். இறக்கைக்குக் கிடைக்கும் தூக்கலும் குறையும், எஞ்சினின் பலமும் குறையும். பயிற்சிக்கு வரும் செஸ்னா 152, இரண்டு பேர் தோள் உரச உட்காரும் குட்டி விமானம். அந்த வெயிலில் அது மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறும். பயிற்சிப் பள்ளிகள் விடியற்காலையில் பறக்க ஆசைப்படுவது இதனால்தான்.

இதைச் சொல்லும்போது சிலர் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். சிலர், "அப்படின்னா சார், டேங்க்கை ஃபுல் பண்ணாம கம்மி எடையில போகலாமா?" என்று கேட்பார்கள். இரண்டாவது ஆள் விமானிபோல யோசிக்கத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம். இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான்: எடை, காற்று, எரிபொருள், மாற்று விமான நிலையம் என்று கிளம்பும் முன்பே கணக்குப் போட்டு, கணக்கு ஒத்துவராவிட்டால் கிளம்பாமல் இருப்பது. தொப்பியும் கூலிங் கிளாஸும் போட்டு இன்ஸ்டாகிராமில் ரீல் எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை, வயசு அப்படி. ஆனால் கணக்கு அலுப்புத் தட்டுகிறவனுக்கு இந்த வேலை பத்து வருடத்தில் நரகமாகிவிடும்.

பாம்பன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை இங்கே சொல்ல வேண்டும். அப்பா மீனவர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றைத் திசையோடு சொல்லி வளர்ந்த பெண். நான் 240 டிகிரி, 15 நாட் என்று போர்டில் எழுதினால், "கச்சான், வலை போட முடியாது" என்பாள். வகுப்பிலேயே அவளைப்போல வானிலை புரிந்தவர் யாரும் இல்லை. பணம்தான் இல்லை. இயற்பியல் பட்டம் முடித்து, விமான நிலைய ஆணையத்தின் தேர்வு எழுதி, இப்போது ஏர் டிராஃபிக் கன்ட்ரோலராக இருக்கிறாள். நான் வகுப்பெடுத்த பையன்கள் அவளிடம் அனுமதி கேட்டுத்தான் இறங்குகிறார்கள். இந்த வேலைக்குச் செலவு கிட்டத்தட்ட தேர்வுக் கட்டணம்தான். சம்பளம் முதல் நாளிலிருந்தே வரும். விமானத்தின் மேல் ஆசை, பணம் மட்டும் தடை என்னும் பிள்ளைகளிடம் ஏன் யாரும் இதைச் சொல்வதில்லை என்று தெரியவில்லை. பட்டியலினப் பிள்ளைகளுக்கு இன்னொரு தகவல்: மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையில் கமர்ஷியல் பைலட் படிப்பும் பட்டியலில் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு மேலே யோசியுங்கள்.

நான் விமானப்படைக்காரன், பாரபட்சம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அரசே சம்பளம் கொடுத்துப் பறக்கக் கற்றுத்தரும் இடம் அது. என்டிஏ என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி, ஆஃப்கேட் என்ற விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு, என்சிசி வழி என்று கதவுகள் உண்டு. 2022-லிருந்து என்டிஏவில் பெண்களும் சேர்கிறார்கள். குறுகிய காலப் பணி என்றால் பறக்கும் பிரிவில் 14 வருடம். பார்வைக்கான விதி அங்கே கடுமை. விமானியாகும் இயல்திறன் இருக்கிறதா என்று பார்க்கும் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் எழுத முடியும். தவறினால் போர் விமானக் கனவு அத்தோடு முடிந்தது. ஓசியில் கற்றுக்கொண்டு ஏர்லைனுக்கு ஓடிவிடலாம் என்ற நினைப்பில் போகிறவர்களை அங்கே முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி, பணம். டிஜிசிஏ கேட்பது 200 மணி நேரப் பறப்பு. அதில் 100 மணி தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போகும் கிராஸ் கன்ட்ரி, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது, இரவில் ஏறி இறங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. இதற்கு இன்று இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் ஆகிறது. ஏர்லைன் நிறுவனங்களின் கேடட் திட்டங்களில் ஒரு கோடியைத் தொடுகிறது. லைசென்ஸ் வந்ததும் யாரும் ஏர்பஸ்ஸில் ஏற்றிவிட மாட்டார்கள். அந்த ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங் தனி, அதற்கும் பல லட்சம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 64,500 ரூபாய். வேலை கிடைத்துவிட்டால் பெரிய பாரமில்லை. கோ பைலட் சம்பளம் பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது, கேப்டன் ஆனால் அதன் பல மடங்கு. சிக்கல் நடுவில் உள்ள காலத்தில்தான். அதே 60 லட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் 50,000. லைசென்ஸோடு இரண்டு வருடம் காத்திருந்தால் 12 லட்சம். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். அதனால் அந்த 12 லட்சம், ஈடு வைத்த வீட்டின்மேல் ஏறும் கடன். சும்மா காத்திருக்கவும் முடியாது. கருவிப் பறப்புக்கான தகுதி, சமீபத்தில் பறந்த மணிகள் எல்லாம் கெடாமல் இருக்கக் கையிலிருந்து காசு போட்டுப் பறக்க வேண்டும்.

இரண்டு வருடம் காத்திருப்பது மிகை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கலாம். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் நாட்டில் உள்நாட்டுப் பயணிகள் விமானமே இல்லை. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி பறந்த அனுபவசாலிகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்கள் நிற்கும் வரிசையில் 200 மணிக்காரனுக்கு எந்த இடம் கிடைக்கும்?

"ஆனா சார், ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் ஆர்டர் கொடுத்திருக்காங்களே" என்பார்கள். இரண்டும் 2023-இல் வந்த செய்திகள், உண்மைதான். ஆர்டர் கொடுத்தது எல்லாம் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேரும். முன்பே வாங்கிய விமானங்களிலேயே எஞ்சின் கோளாறால் தரையில் நின்றவை ஏராளம். மேலும், புது விமானத்துக்கு முதலில் வேண்டியது கேப்டன். அதற்கு ஏடிபிஎல் என்ற மேல்நிலை லைசென்ஸும் குறைந்தது 1,500 மணி நேரமும் தேவை. 2023-இல் மட்டும் இந்தியாவில் 1,600-க்கும் மேற்பட்ட கமர்ஷியல் லைசென்ஸ்கள் வழங்கப்பட்டன. விமானிப் பற்றாக்குறை என்று செய்தித்தாள் எழுதுவதும், புதியவர்களுக்கு வேலை இல்லை என்று என் மாணவர்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகளைவிடத் தாய்மார்கள்தான் சரியாகக் கேட்கிறார்கள். விடிகாலை மூன்று மணிக்கு வாசலில் கார் ஹார்ன் அடிக்கும். தீபாவளி, பொங்கல் எல்லாம் ரோஸ்டர் தயவு. ஒவ்வொரு நாளும் பறக்கும் முன் மூச்சில் ஆல்கஹால் சோதனை. முதல் முறை சிக்கினால் மூன்று மாத சஸ்பென்ஷன், அடுத்த முறை மூன்று வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் எஞ்சினை அணைத்து, தீ மூட்டி, என்ன செய்கிறாய் பார்க்கலாம் என்று பரீட்சை. பணி ஓய்வு 65 வயதில் என்றால் அதுவரை பரீட்சைதான். ஓய்வு நேர விதிகள் இப்போது இறுகியிருக்கின்றன. வாரத்துக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 48 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். இந்தப் புதிய விதிகளுக்கு ஏற்ப விமானிகளை ஏற்பாடு செய்துகொள்ளாததால்தான் 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. பயணிகள் விமான நிலையங்களில் உட்கார்ந்து திட்டினார்கள். எனக்கு அந்த விதிகள் சரியென்றே படுகின்றன. தூக்கமில்லாத கண்ணுக்கு மேகம் எப்படித் தெரியும் என்று பார்த்தவன் நான்.

பெண்பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்ற கேள்வி மட்டும் இப்போது குறைந்திருக்கிறது. உலகில் விமானிகளில் பெண்களின் பங்கு மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதற்கு மேல் பேச எதுவுமில்லை.

பெருந்துறைக்காரர் பையனோடு நேரில் வந்தார். கிளாஸ் 1 கையில் இருந்தது, இரண்டு தாள் பாஸ். தாத்தாவின் மனையை விற்றாலும் குடியிருக்கும் வீட்டையும் கடையையும் தொட வேண்டியிருக்காது என்று அவரே கணக்கு போட்டு வைத்திருந்தார். மூன்று வருடம் வேலை இல்லாவிட்டால் பையன் மஞ்சள் மண்டியைப் பார்த்துக்கொள்வான் என்பதையும் இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். இப்படிப் பேசிவிட்டு வருகிறவர்களை நான் தடுப்பதில்லை.

எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று மட்டும் கேட்டார். பெயர் சொல்லவில்லை, பார்க்கும் விதத்தைச் சொன்னேன். அலுவலக ஏசி அறைக்கு முதலில் போகாதீர்கள். ஒரு வேலை நாளில், விடியற்காலையில், சொல்லாமல் போங்கள். இணையத்தில் எத்தனை விமானம் என்று போட்டிருக்கிறார்கள், தரையில் எத்தனை நிற்கிறது, அதில் எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். பயிற்றுநர்கள் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். பிறகு கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: "போன மாசம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க, தம்பி?" இருபது என்றால் நல்ல பள்ளி. மூன்று, நான்கு என்றால் 200 மணி முடிய எத்தனை வருடமாகும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் எத்தனை நாள் போனது, வடக்கே இருக்கும் பள்ளி என்றால் குளிர்காலப் பனிமூட்டத்தில் எத்தனை நாள் போனது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மணியை லாக்புக்கில் ஏற்றி எழுதித் தருகிறோம் என்று எவனாவது காதில் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். போலி என்றைக்காவது வெளிவரும்: 2011-இல் இறங்குவதில் தடுமாறிய ஒரு விமானியை விசாரிக்கப் போய், போலி மதிப்பெண் சான்றிதழில் லைசென்ஸ் வாங்கியவர்கள் வரிசையாகப் பிடிபட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் முழுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை, விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அடுத்த பள்ளிக்கு பஸ் இருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் பாக்கெட் டைரியில் எழுதிக்கொண்டார். பையன், "சார், டீ செலவு எங்கப்பாதுதானுங்களே?" என்றான்.